சாய்ந்த கல்லுக்கு இரண்டு கதை

என் ஆசை டோனல் அண்ணை,

நீங்கள் போய் இன்றைக்கு முப்பத்தோராம் நாள். எங்கள் ஆட்கள் இந்த நாளில் இறந்தவருக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முன்னால் படம், உள்ளே தேவாரம், பிறகு அவர் வாழ்ந்த கதை, கடைசிப் பக்கத்தில் வம்சவழி. ஒருமுறை இதைச் சொன்னபோது, "கடதாசியில அடிக்கிறதுக்கு ஏன் தம்பி கல்லின்ர பேர்?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் உங்களுக்கு ஒன்று அடித்திருக்கிறேன் அண்ணை. இந்தக் கடிதம் அதற்குள்தான் இருக்கிறது.

எழுதுவது என் கை இல்லை. எனக்கு என் பெயரை வரையத் தெரியும், அவ்வளவுதான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அச்சுக்கடை வைத்திருக்கும் மலர், நான் சொல்லச் சொல்லத் தட்டுகிறாள். தட்டும்போதே என் பேச்சைப் புத்தகத் தமிழ் ஆக்கிவிடுகிறாள். "நான் இப்பிடிக் கதைக்கிறேல்லையே பிள்ளை" என்றால், "அச்சில வாறதுக்கு ஒரு மரியாதை வேணும் ஐயா" என்கிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று கேட்டேன். அதற்கு ஓம் என்றிருக்கிறாள்.

முதல் நாள் அவளிடம் போனபோது நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

"ஆருக்கு ஐயா கல்வெட்டு?"

"டோனல் அண்ணைக்கு."

"அவர் எந்த ஊர்?"

"அயர்லாந்து."

மலரின் கை நின்றுவிட்டது. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அழைப்பிதழுக்கு நிறம் தெரிவுசெய்துகொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். "அண்ணை, வெள்ளைக்காரனுக்கு எந்தத் தேவாரம் போடப்போறியள்?"

"தேவாரம் போடேல்லை. கல்லுக் கதை போடப்போறன்."

"கல்லுக் கதையோ! சரி, சரி. மலர், எனக்கும் ஒண்டு எடுத்து வையும். வாசிச்சுப் பாப்பம்."

அவருக்கும் ஒன்று கொடுப்பேன். உங்களைத் தெரியாதவர்கள் கையிலும் இது போகும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே ஒரு சமையலறை. நீங்கள் மீனும் மரக்கறியும் வெட்டினீர்கள். நான் கோப்பை கழுவினேன். உங்கள் மேசைக்கும் என் தொட்டிக்கும் நடுவில் ஒரு தூண். இருபத்திரண்டு வருடம் நாங்கள் அந்தத் தூணைச் சுற்றித்தான் கதைத்தோம். முதலாளிமார் மூன்று பேர் மாறினார்கள், தூண் மாறவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று தெரிந்த அன்றே உங்களை அண்ணை என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டீர்கள், சொன்னேன். "அப்ப நீ?" என்றீர்கள். தம்பி என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னை வேறு பெயரால் கூப்பிட்டதே இல்லை.

நாங்கள் கதைத்தது சமையலறைப் பிரெஞ்சு. உங்களுடையதும் என்னுடையதும் ஒரே அளவு முறிவு. இங்கே உங்கள் வாயில் யாழ்ப்பாணத் தமிழை வைக்கிறேன். கோபிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் ஊரில் ஒரு கல் காரணம் இல்லாமல் சும்மா நிற்க விடமாட்டார்கள் போல அண்ணை. மலைச்சரிவில் கிடக்கும் பாறையில் ஐந்து குழி. ஒரு அரக்கன் அடுத்த மலை அரக்கனுக்கு எறிந்து, எட்டாமல் விழுந்த கல் அது, அந்தக் குழிகள் அவன் விரல் பதிந்த இடம் என்றீர்கள். வலக்கையா இடக்கையா என்று நான் கேட்டேன். நீங்கள் வெங்காயத்தை வைத்துவிட்டு உங்கள் கையை விரித்துப் பார்த்தீர்கள். "அதை ஒருத்தரும் கேட்டதில்லை தம்பி" என்றீர்கள். அடுத்த கோடையில் ஊருக்குப் போய், விரலை வைத்துப் பார்த்து வந்து, "இடக்கை" என்றீர்கள். எறிந்தது எட்டாததற்குக் காரணம் அதுதானோ?

பிறகு வட்டமாக நிற்கும் கற்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஆடியவர்கள் அப்படியே கல்லானார்களாம். கொஞ்சம் தள்ளித் தனியாக நிற்கும் ஒரு கல், அவர்களுக்குக் குழல் ஊதியவனாம். ஊதியவனை ஏன் தள்ளி நிறுத்தினார்கள்? ஆடியவர்களைவிட அவனுக்குக் கூடப் பாவமா, குறையப் பாவமா? இதற்கு நீங்கள் மறுமொழி சொல்லவே இல்லை. இன்னொரு கல் வருடத்தில் ஒரு விடியலில் தானாக எழும்பி ஏரிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருமாம். பார்த்தவன் உயிரோடு இருக்கமாட்டானாம். "அப்ப ஆர் வந்து சொன்னது?" என்று கேட்டேன். மீன் வெட்டும் கத்தியை என் பக்கம் நீட்டி, "உனக்கு இனிக் கதை இல்லை" என்றீர்கள். அடுத்த நாள் பாறைக் குழியில் நிற்கும் மழைத்தண்ணீரைத் தொட்டால் பாலுண்ணி விழும் என்று தொடங்கினீர்கள். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது, எனக்குக் கேளாமல் இருக்க ஏலாது.

இதெல்லாம் ஊர்க் கற்கள். உங்கள் வீட்டுக் கல் ஒன்று இருந்தது. வயலின் நடுவில், ஏரிப் பக்கம் சாய்ந்து நிற்கிற கல். அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இறந்து, உங்கள் உடலை ஊருக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள் இருக்கும். என் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், ஆங்கிலம். "மிஸ்டர் தம்பி? மிஸ்டர் தம்பி?" உங்கள் தொலைபேசியில் என்னை அந்தப் பெயரில்தானே வைத்திருந்தீர்கள். உங்கள் தங்கை நோரா என்று விளங்கியதும், கொஞ்சம் பொறுங்கோ என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொல்லிவிட்டு, நான் இருக்கிற லெ பிளாங்-மெனிலில் இருந்து ரயில் ஏறி மலரிடம் வந்தேன். அவள் ஆறு வருடம் இலண்டனில் இருந்தவள். தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, நடுவில் இருந்து மொழி மாற்றினாள்.

நோரா சொன்னது இதுதான். வயலை ஜிம்மி என்ற பக்கத்து நிலக்காரருக்கு விற்றாகிவிட்டது. அவருடைய உழவு இயந்திரம் பெரியது. கல் நிற்கிற இடத்தில் திருப்ப முடியவில்லை. பழைய கற்களின் அரசாங்கப் பட்டியலில் அந்தக் கல் இல்லை. அதனால் மாதக் கடைசியில் கல்லைப் பிடுங்கி வேலியோரம் போடப்போகிறார். நோரா போய்க் கேட்டிருக்கிறார். அதற்கு ஜிம்மி, "கதை இருக்கிற கல்லை நான் தொடமாட்டன். என்ர அப்பாவும் தொட்டதில்லை. ஆனா இது கதைக்கல்லு இல்லை, உங்கட பாட்டன் மாடு முதுகு தேய்க்க நட்ட கல்லு. தேய்ஞ்ச இடம் இப்பவும் இருக்குது. இல்லையெண்டா கதையைச் சொல்லுங்கோ" என்றாராம்.

"எனக்குக் கதை தெரியாது" என்றார் நோரா. "அப்பா அதை மூத்தவனுக்கு மட்டும்தான் சொன்னவர். எங்களுக்கெல்லாம் அந்தக் கல்லடிக்குப் போகாதேங்கோ எண்டு மட்டும்தான். டோனல் உங்களுக்கு எப்பவாவது சொன்னவனோ?"

"ஓம், சொன்னவர்" என்றேன்.

மலர் மாற்றிச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு கோபம். "பாத்தீங்களே! கூடப்பிறந்த எனக்குச் சொல்லேல்லை. பாரிசில கோப்பை கழுவுற இடத்தில சொல்லியிருக்கிறான்!"

நான் சொல்லத் தொடங்கினேன். பஞ்சம் வந்த காலத்தில் ஏரிக்குள் இருந்து ஒரு வெள்ளைப் பசு ஏறி வந்தது. எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் அது நிறையும் மட்டும் பால் தந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்பது கட்டுப்பாடு. ஊர் முழுக்கக் குடித்துப் பிழைத்தது. ஒருவனுக்கு மட்டும் எரிச்சல். அவன் பாத்திரத்துக்குப் பதிலாக அரிதட்டைக் கொண்டுபோய்ப் பசுவுக்குக் கீழே வைத்துக் கறந்தான். மா அரிக்கிற தட்டு, எல்லாம் ஓட்டை. எப்படி நிறையும்? பசு குனிந்து பார்த்தது. நிலமெல்லாம் தன் பால் ஓடுவதைக் கண்டு, ஏரிக்கே திரும்பிப் போய்விட்டது. போகும்போது அந்தக் கல்லில்...

அதோடு என் நாக்கு நின்றுவிட்டது அண்ணை.

"கல்லில?" என்றாள் மலர்.

என் தலைக்குள் இரண்டு பசு நின்றன. ஒன்று கல்லில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு போனது. மற்றது கல்லில் கடைசித் தடவையாகத் தன் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. இரண்டிலும் கல் சாய்ந்தது. இரண்டையும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஆனால் முதுகு தேய்க்கிற கல் என்னுடையது. அது எங்கள் ஊர் ரோட்டோரத் தொட்டியடியில் நின்ற ஆவுரோஞ்சிக்கல். தண்ணீர் குடித்த மாடுகள் உரசிக்கொள்ள யாரோ புண்ணியத்துக்கு நட்டு வைத்தது. அதை உங்களுக்குச் சொன்னது நான்.

"மூண்டு நாள் தரச்சொல்லு பிள்ளை" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் மலர் என்னைப் பார்த்தாள். "ஐயா, லா சப்பலில ஆர் எப்ப வந்தது, ஆர் ஆரைக் கட்டினது எண்டு உங்களைத்தானே கேக்கிறவை. உங்களுக்கு மறதியோ?"

"மறந்தாப் பரவாயில்லை" என்றேன். "கூட ஒண்டு ஞாபகம் வருகுது. அதுதான் கரைச்சல்."

அந்த மூன்று நாளும் நான் உங்களோடுதான் இருந்தேன். சாப்பிடும்போதும் ரயிலிலும் உங்களைக் கேள்வி கேட்டபடி. எது உங்கள் அப்பாவின் கதை? எது நான் உங்கள் காதில் போட்டு, நீங்கள் திருப்பி எனக்கே தந்தது?

எழுத்துத் தெரிந்தவர்கள் வருடத்தை வைத்து ஞாபகம் வைக்கிறார்கள். எனக்குப் பாத்திரம்தான். கைக்குள் எந்தப் பாத்திரம் இருந்தது என்று தெரிந்தால், அன்றைக்கு யார் என்ன சொன்னது என்பது முழுக்க வரும். அப்படியே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் கயிற்றுக் கதை. அதை நீங்கள் சொன்னபோது நான் மட்டி அவிக்கிற பெரிய அண்டாவுக்குள் தோள்வரை கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காது உடைந்த அண்டா. பசுவைக் கட்டின கயிறு என்று நீங்கள் சொல்ல, நான் அந்த ஒற்றைக் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், இப்படியோ என்று. அண்டா சாய்ந்து உங்கள் சப்பாத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றிவிட்டது. நீங்கள் பேசின பேச்சை மலர் அச்சில் போடமாட்டாள்.

அடுத்தது என் கல். அன்றைக்கு என் கையில் பாத்திரமே இல்லை. கழுவுகிற மெஷின் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், உங்கள் கண்ணாடி புகையாகிவிடும். எனக்கு முதுகு கடித்தது. இரண்டு கையும் ஈரம். தூணில் முதுகை வைத்து மேலும் கீழும் தேய்த்தேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மாடு மாதிரி நிக்கிறாய்" என்றீர்கள். "ஓம், எங்கட ஊரில மாட்டுக்கு இதுக்கெண்டே கல்லு நட்டு வைச்சிருக்கு" என்று அப்போதுதான் ஆவுரோஞ்சிக்கல்லைச் சொன்னேன். யார் நட்டது, ஏன் நட்டது என்று கேட்டீர்கள். செத்துப்போன ஒருவரை நினைத்து நடுவார்கள் என்றேன். ஏன் அப்படி என்று கேட்டீர்கள். மனிசருக்குப் பேர் மறந்தாலும் மாட்டுக்கு முதுகு மறக்காதுதானே என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. கையில் இருந்த கரட் கிழங்கை அரைவாசி சீவினபடியே வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

மெஷினுக்கு இடம் எடுக்கத்தான் அந்த ஒற்றைக்காது அண்டாவைத் தூக்கி எறிந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் அந்த அறைக்குள் இருந்ததில்லை. ஆக, கயிறு முந்தியது, என் கல் பிந்தியது. அதற்குப் பிறகு வந்த கோடையில் நீங்கள் ஊருக்குப் போய்வந்தீர்கள். வந்து இரண்டாம் நாள், வெங்காயம் வெட்டியபடி, என் முகத்தைப் பாராமல், "தம்பி, எங்கட கல்லு கயிறு இழுத்துச் சாயேல்லை. அது போகேக்க முதுகு தேய்ச்சுச் சாய்ஞ்சது" என்றீர்கள். அது எப்படி மாறியது என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான், அதை மட்டும் ஏன் கேட்கவில்லை? என் கல் உங்கள் வயலுக்குப் போய்விட்டது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு புளுகமும் பெருமையும் இருந்ததோ?

மூன்றாம் நாள் இதை மலருக்குச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. உடனே விளங்கிவிட்டது.

"ஐயா, அப்ப முதுகு தேய்ச்ச கதையையே சொல்லுங்கோ. அந்த ஜிம்மி என்ன சொல்லுறார்? மாடு தேய்ச்ச கல்லு எண்டுதானே? ஓம், தேய்ச்சதுதான், ஆனா எந்த மாடு தெரியுமோ எண்டு நாங்கள் கேப்பம். வாய் அடைச்சுப் போம். கல்லு தப்பீடும்."

"அது என்ர ஊர்க் கல்லு பிள்ளை. அவையின்ர வயலில கொண்டுபோய் நடலாமோ?"

"ஆர் வந்து பாக்கப்போகினம்?"

"நோரா தகப்பன்ர கதையைக் கேக்கிறா. நான் என்ர கதையைக் குடுத்து, இது உங்கட கொப்பர் சொன்னது எண்டால், அந்தத் தகப்பனுக்குக் கடைசியா மிஞ்சினதும் போச்செல்லே?"

"கயிறு எண்டு சொல்லி ஜிம்மி நம்பாட்டி? கல்லே போயிடும் ஐயா."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உங்கள் அப்பா உங்களுக்குத் தந்தது, நீங்கள் எனக்குத் தந்தது. பிழையாகச் சொன்னாலும் போகும், சொல்லாமல் விட்டாலும் போகும். நோராவின் இலக்கத்துக்கு அடி என்று சொன்னேன். மலர் எடுத்துத் தந்தாள்.

நோராவுக்கு இரண்டையும் சொன்னேன். அண்டா, மெஷின், தூண், என் முதுகு, எல்லாம். "கயிறுதான் உங்கட அப்பாவின்ர கதை. முதுகு தேய்ச்சது எங்கட ஊரில இருந்து வந்தது. அதுக்கு நான்தான் காரணம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று முடித்தேன். மலர் மனமில்லாமல்தான் அதை மாற்றிச் சொன்னாள்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மலர் தொலைபேசியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொறுங்கோ" என்றார் நோரா. "ஒரு கோடையில வந்து நிக்கேக்க, டோனல் அந்தக் கல்லடியில போய் நிண்டவன். சின்ன வயசில இருந்து அதைக் கடந்து போறவன், ஒருநாளும் நிண்டு பாத்ததில்லை. அண்டைக்கு உள்ளங்கையால அதைத் தடவித் தடவிப் பாத்தான். பிறகு திரும்பி நிண்டு முதுகை வைச்சுத் தேய்ச்சான். அம்மா குசினி ஜன்னலால பாத்திட்டு, 'உவனுக்குப் பாரிசில குளிக்கத் தண்ணி இல்லையோ?' எண்டு கேட்டவ. நாங்கள் அந்தக் கோடை முழுக்க அதைச் சொல்லிச் சிரிச்சம். அது அப்ப உங்களாலயோ?"

அண்ணை, எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீங்கள் என் கல்லைக் களவெடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டபிறகு போய், உங்கள் கல்லை முதல் தடவையாகப் பார்த்திருக்கிறீர்கள். அதில் வழுவழுத்த இடம் இருந்திருக்கிறது. அது ஏன் என்று உங்களை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். கயிற்றுக் கதையில் அதற்கு இடம் இல்லை. அதனால் பசுவின் முதுகை உள்ளே விட்டீர்கள். அப்படித்தானே?

அடுத்த நாள் காலை நோரா மழைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலுக்குள் நின்று, படம் தெரிகிற மாதிரி எங்களைக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் நான் உங்கள் கல்லைக் கண்டேன். இவ்வளவு சின்னதா! நான் இருபத்திரண்டு வருடமாக அதை ஒரு தேர் உயரத்துக்கு வைத்திருந்தேன். நோராவின் நெஞ்சுக்குத்தான் வருகிறது. சாம்பல் நிறம். ஏரிப் பக்கம் சாய்ந்து, யாரோ கூப்பிடக் காது கொடுக்கிற மாதிரி நிற்கிறது. அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

நோரா உள்ளங்கையை வைத்துக் காட்டினார். மாட்டின் முதுகு உயரத்தில், அம்மிக்கல் மாதிரி வழுவழுப்பு.

"கீழ பாருங்கோ" என்றேன். "கயிறெண்டால் கீழதான் கட்டியிருப்பினம். புல்லை விலத்திப் பாருங்கோ."

அவர் குந்தியிருந்து புல்லை விலத்தினார், பாசியைச் சுரண்டினார். கல்லின் அடியில், ஏரிக்கு மற்றப் பக்கமாக, குறுக்கே ஒரு கோடு. கிணற்றுக்கட்டில் கயிறு அறுத்த தடம் போல எனக்குத் தெரிந்தது. மலருக்கு அது வெறும் வெடிப்பு. நோரா விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். "விரல் உள்ளுக்குப் பதியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது கயிறுதானா அண்ணை? உங்கள் அப்பா அதைக் கண்டுதான் சொன்னாரா, அல்லது அவருக்குச் சொன்னவர் கண்டாரா?

அப்போது ஜிம்மி வயலுக்குள் நடந்து வந்தார். பெரிய மனிதர், சிவந்த முகம், ஒரு நாய் முன்னால். நோரா தொலைபேசியை அவர் பக்கம் திருப்பினார். "இவர்தான் மிஸ்டர் தம்பி, பாரிசில இருந்து. கதை இவரிட்டத்தான் இருக்குது." அவர் தொப்பியைத் தொட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். பஞ்சம், பசு, அரிதட்டு, கயிறு. இது டோனலின் அப்பா சொன்னது என்றேன். பிறகு முதுகு. இது டோனல் தான் பார்த்துச் சேர்த்தது, அதற்கு என் ஊர்க் கல்லும் ஒரு காரணம் என்றேன். எதையும் ஒளிக்கவில்லை. பசு ஏரிக்குள் போன இடத்தில் நாயும் வந்து அவர் காலடியில் குந்திக்கொண்டது.

ஜிம்மி கல்லைச் சுற்றி ஒருதடவை நடந்தார். வழுவழுப்பைத் தொட்டார். குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு நோராவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். மலர் சிரித்துவிட்டாள்.

"என்ன சொல்லுறார்?"

"ஒரு கதையெண்டா, பொய்யெண்டு சிரிச்சிட்டுப் பிடுங்கியிருப்பாராம். இரண்டு கதை இருக்கிற கல்லை என்னெண்டு தொடுறது எண்டு கேக்கிறார். இரண்டில எது பொய்யெண்டு ஆரைக் கேக்கிறது எண்டு."

பிறகு அவர் என்னைத்தான் கேட்டார். மலர் மாற்றிச் சொன்னாள். "பசு எந்தப் பக்கத்தால ஏரிக்குள்ள இறங்கினது?"

எனக்குத் தெரியவில்லை அண்ணை! இருபத்திரண்டு வருடம் வலக்கையா இடக்கையா என்று கேட்டவன், இதைக் கேட்காமல் விட்டேன். "அண்ணை சொல்லேல்லை" என்றேன். ஜிம்மி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப்போல ஒரு ஆள் என்று நினைத்தேன்.

போன கிழமை நோரா ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மலர் அதைப் பெரிதாக்கிக் காட்டினாள். வயல் முழுக்க உழுதிருக்கிறது, கறுத்த மண். நடுவில் கல் நிற்கிறது. கல்லில் இருந்து ஏரிவரை ஒரு பசு போகிற அகலத்துக்கு உழாமல் புல்லாக விட்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லையாம். தானாக விட்டதாம்.

இந்தக் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் வம்சவழி இல்லை. உங்களுக்கு மேலே உள்ள ஆட்களின் பெயர் எனக்குத் தெரியாது, கீழே யாரும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு கதையையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறோம். முதலாவதற்குக் கீழே, "இது டோனலின் அப்பா சொன்னது." இரண்டாவதற்குக் கீழே, "இது டோனல் தன் முதுகால் கண்டது." தேவாரம் கேட்ட அந்த மனிதர் நேற்று வந்து இந்தப் பக்கத்தை மலரிடம் வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, "அண்ணை, அரிதட்டு வைச்சவனுக்கு என்ன நடந்தது?" என்றார். பாருங்கள், அதையும் நான் உங்களைக் கேட்கவில்லை.

ஒவ்வொரு கோடையும் "வா தம்பி, கல்லைப் பாக்கலாம்" என்று கூப்பிட்டீர்கள். என்னிடம் இருப்பது அகதிப் பயணப் புத்தகம், அதற்கு விசா வேண்டும், விசாவுக்குப் பத்திரம் நிரப்பவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சாட்டுச் சொன்னேன். உண்மை என்னவென்றால், பத்திரத்தை நிரப்பித்தா என்று உங்களைக் கேட்க வெட்கம். கதைக்குள் ஆயிரம் கேள்வி கேட்ட எனக்கு, அந்த ஒன்று வாயால் வரவில்லை. போன செவ்வாய் மலர் நிரப்பித் தந்தாள். என் பெயரை வரைந்தேன். அனுப்பியாயிற்று.

ஆவணியில் வருவேன் அண்ணை. முதலில் உங்களிடம், பிறகு கல்லிடம். அந்தப் புல்லுப் பாதையால் ஏரிவரை நடந்து, பசு எங்கே இறங்கியிருக்கும் என்று பார்ப்பேன். திரும்பி வந்து அந்தக் கல்லில் என் முதுகைத் தேய்ப்பேன். இருபத்திரண்டு வருடம் குனிந்து நின்று கழுவின முதுகு. நோரா ஜன்னலால் பார்த்துச் சிரிக்கட்டும். அதைக் கண்ட யாராவது பிறகு மூன்றாவது கதை சொன்னால், நான் தடுக்கமாட்டேன். ஆனால் எந்தக் கதை யாருடையது என்று தெரிந்தே சொல்லச்சொல்லிவிட்டு வருவேன்.

உங்கள் தொலைபேசியில் இருக்கிற அதே பெயரோடு,
தூணுக்கு இந்தப் பக்கம் நின்ற
தம்பி
வல்லிபுரம்